கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவு சிங்கப்பூரில் எங்கே, எப்படித் தங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, திருச்சி, மதுரை, கோவையிலிருந்து பறந்து வந்து சிங்கப்பூரில் குரூஸ் கப்பல் ஏறுகிறவர்களுக்கான பக்கம் இது. பினாங்கு, போர்ட் கிளாங், பூக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் போய்த் திரும்பும் பயணங்களை மனதில் வைத்து எழுதியது. கப்பலுக்குள் என்ன இருக்கும் என்பதைப் பற்றி இங்கே பேசவில்லை. கப்பலுக்கு முந்தின இரவும் மறுநாள் காலையும் மட்டும்தான்.

கப்பல் மாலை 4 மணிக்குத்தான் கிளம்புகிறது. எங்கள் விமானம் அன்று காலை 7 மணிக்கே இறங்கிவிடும். ஒரு நாள் முன்னதாக வரத்தான் வேண்டுமா?

வருவது நல்லது. 4 மணி என்பது கப்பல் கரையை விட்டு நகரும் நேரம். பயணிகளை ஏற்றுவதை அதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவார்கள். சில நிறுவனங்கள் இன்னும் முன்னதாகவே நிறுத்தும். பயணிகள் பட்டியலை முடித்துக் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், கவுண்டரை மூடிய பிறகு கெஞ்சிப் பயனில்லை. ஆக உங்கள் கையில் இருப்பது 9 மணி நேரம் இல்லை, ஏழரை, எட்டு மணி நேரம்தான்.

அந்த நேரம் போதுமா என்பது ஊரைப் பொறுத்தது. சென்னையிலிருந்து ஒரு நாளைக்குப் பல விமானங்கள் இருக்கின்றன. ஒன்று ரத்தானால் இன்னொன்றில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. மதுரை, கோவையிலிருந்து நேரடி விமானங்கள் குறைவு. அது ரத்தானால் மறுநாள்தான், அதற்குள் கப்பல் போயிருக்கும். கொழும்பு, கோலாலம்பூர் வழியாக மாறி வருகிறவர்களுக்குப் பெட்டி பின்தங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால், தாமதமான பெட்டி ஓட்டலுக்கு வந்து சேர நேரம் கிடைக்கும். கப்பல் ஏறிவிட்டால் அது உங்களைத் துரத்திக்கொண்டு பினாங்குக்கு வராது.

இரவு விமானம் என்றால் எந்தத் தேதிக்கு அறை எடுப்பது? இதில்தான் குழப்பம்.

இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். சிங்கப்பூர் நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் 10ஆம் தேதி இரவு 11.45-க்குக் கிளம்பினால், ஏறக்குறைய 4 மணி 20 நிமிடம் பறந்து, சிங்கப்பூரில் 11ஆம் தேதி காலை 6.35 வாக்கில் இறங்குவீர்கள். கப்பல் 12ஆம் தேதி என்றால் அறை 11ஆம் தேதி இரவுக்கு. 10ஆம் தேதி என்று டிக்கெட்டில் அச்சாகியிருப்பதைப் பார்த்து 10-க்கு எடுக்காதீர்கள்.

மாலை விமானத்தில் கிளம்பி நள்ளிரவு தாண்டி, 12ஆம் தேதி 1 மணிக்கு இறங்குகிறவர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அவர்கள் தூங்கப்போவது 11ஆம் தேதி இரவின் மிச்சத்தை. செக்-இன் தேதியை 11 என்றுதான் போட வேண்டும். 12 என்று போட்டால் அதிகாலை 2 மணிக்குப் போய் நிற்பவருக்கு, மாலை 3 மணிக்கு வாருங்கள் என்று பதில் வரும். சரியான தேதிக்கு எடுத்த பின்னும், நள்ளிரவுக்குப் பிறகுதான் வருவோம் என்று விமான எண்ணோடு ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், வராதவர் கணக்கில் எழுதி அறையை வேறொருவருக்குக் கொடுக்கும் சிறிய ஓட்டல்கள் உண்டு.

எங்கள் கப்பல் எந்த டெர்மினலில் நிற்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கப்பல் நிறுவனம் அனுப்பும் இ-டிக்கெட்டில் டெர்மினல் பெயர் இருக்கும். அதை எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சிங்கப்பூரில் பயணிகள் கப்பல் நிற்கும் இடங்கள் இரண்டு, பெயர்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மரினா பே குரூஸ் சென்டர் 2012-இல் திறந்தது. பெரிய கப்பல்கள் இங்கேதான் நிற்கும், ராயல் கரீபியன் உட்பட. இன்னொன்று சிங்கப்பூர் குரூஸ் சென்டர். இது ஹார்பர்ஃபிரண்டில், விவோசிட்டி வணிக வளாகத்தை ஒட்டி இருக்கிறது. பாத்தாம் தீவுக்குப் போகும் படகுகளும் இங்கிருந்து கிளம்பும்.

டாக்சி ஓட்டுநரிடம் வெறுமனே குரூஸ் சென்டர் என்று சொன்னால் அவர் எதை நினைத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. இடப் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். செயலியில் முகவரியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னும் மூன்று பொறிகள் உண்டு. மரினா பே சாண்ட்ஸ் என்பது ஓட்டல், கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரினா பே எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம் என்பது மரினா சவுத் பியர் நிலையத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால். மரினா சவுத் பியர் படகுத்துறை குசு தீவு, செயின்ட் ஜான்ஸ் தீவுகளுக்குப் போகும் சிறு படகுகளுக்கானது. குரூஸ் சென்டருக்குப் பக்கம்தான், ஆனால் நான்கு பெட்டியோடு அங்கே இறங்கினால் வெயிலில் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

டெர்மினலை ஒட்டியே ஓட்டல் இருந்தால் அதையே எடுத்துவிடலாம் அல்லவா?

மரினா பே குரூஸ் சென்டரின் வாசலில் ஓட்டல் கிடையாது. துறைமுக ஓட்டல் என்று தேடினால் இணையம் காட்டுவதெல்லாம் மரினா பே, தஞ்சோங் பகார் பகுதிகளின் விலை உயர்ந்த அலுவலகப் பயண ஓட்டல்கள்தான். அங்கிருந்தும் டாக்சி பிடித்துத்தான் வர வேண்டும். ஹார்பர்ஃபிரண்டில் நடக்கும் தூரத்தில் சில ஓட்டல்கள் உண்டு. கப்பல் அங்கிருந்து கிளம்பி, உங்களோடு நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால் மட்டும் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருள் இருக்கிறது.

வேறு நாடுகளில் விமான நிலையத்திலிருந்து துறைமுகம் 50, 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே துறைமுக ஓட்டலுக்குத் தனி மதிப்பு உண்டு. சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்திலிருந்து மரினா பே குரூஸ் சென்டருக்கு நெரிசல் இல்லாத வேளையில் காரில் 20, 25 நிமிடம். ஊரின் எந்த மூலையில் தங்கினாலும் கப்பலைப் பிடித்துவிடலாம். அதனால் தூரத்தைப் பார்த்து ஓட்டல் தேடாதீர்கள். சாப்பாடு, அறையின் அளவு, ரயில் தடம் இந்த மூன்றையும் பாருங்கள்.

அப்படியானால் எந்தப் பகுதி?

சைவச் சாப்பாடு வேண்டும், காலையில் இட்லி வேண்டும், குழந்தைக்குத் தயிர்சாதம் வேண்டும் என்பவர்களுக்கு லிட்டில் இந்தியாவும் ஃபேரர் பார்க்கும்தான். சிராங்கூன் சாலையில் 1947-இலிருந்து நடக்கும் கோமள விலாஸ் தொடங்கி, தேக்கா சென்டர் உணவங்காடி வரை நடந்தே போய்ச் சாப்பிடலாம். விட்டுப்போன பல்துலக்கி, சார்ஜர், பெட்டிப் பூட்டு எல்லாம் முஸ்தபா சென்டரில் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: ஞாயிறு மாலை அந்தப் பகுதியில் விடுமுறைக் கூட்டம் அதிகம். அப்போது பெட்டிகளோடு வந்து இறங்குவதும் டாக்சி பிடிப்பதும் பொறுமையைச் சோதிக்கும்.

ரயில் தடத்தைப் பாருங்கள். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வடகிழக்குத் தடத்தில் ஹார்பர்ஃபிரண்டுக்கு ரயில் மாறாமல் போகலாம், ஐந்தாவது நிறுத்தம், அதுவே கடைசி. மரினா பே குரூஸ் சென்டருக்கு என்றால், அதே தடத்தில் ஒரு நிறுத்தம் போய் தோபி காட்டில் இறங்கி, வடக்கு-தெற்குத் தடத்துக்கு மாறி, கடைசி நிறுத்தமான மரினா சவுத் பியர் வரை நான்கு நிறுத்தம். நிலையத்திலிருந்து டெர்மினலுக்கு நடை. பெட்டியோடு 10 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். தோபி காட்டில் தடம் மாற நீண்ட நடையும் நகரும் படிகளும் உண்டு. ஆளுக்கொரு சிறு பெட்டி என்றால் ரயில் வசதி. பெரிய பெட்டிகள், பெரியவர்கள், தள்ளுவண்டி என்றால் டாக்சிதான்.

சைனாடவுனும் நல்ல தேர்வு. அதுவும் வடகிழக்குத் தடத்திலேயே இருக்கிறது, மாரியம்மன் கோயில் நடக்கும் தூரம், அறை வாடகையும் மரினா பே அளவுக்கு ஏறாது.

கேலாங்கில் பாதி விலைக்கு அறை காட்டுகிறதே?

கேலாங்கின் இரட்டைப்படை எண் கொண்ட லோரோங்குகள் (சந்துகள்) சிவப்பு விளக்குப் பகுதி. ஆபத்தான இடம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் குடும்பத்தோடு இரவு 11 மணிக்கு வந்து இறங்கினால் சங்கடமாக இருக்கும். விலைக்குக் காரணம் அதுதான் என்று தெரிந்து எடுத்தால் சரி.

ஓட்டலுக்குப் பதில் யாராவது வீட்டை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாமா?

வேண்டாம். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடுகளுக்கு அது 6 மாதம். ஒரு இரவுக்கு வீடு என்று யாராவது விளம்பரம் போட்டிருந்தால், வாசலில் காவலாளி உங்களைத் திருப்பி அனுப்புவதற்குத் தயாராக இருங்கள். உரிமம் பெற்ற ஓட்டல், ஹாஸ்டல், சர்வீஸ் அபார்ட்மென்ட் மட்டுமே.

180 டாலர் என்று பார்த்தோம், பில் 215 டாலருக்கு மேல் வருகிறது. ஏன்?

விலைக்குப் பக்கத்தில் ++ என்று இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும். முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது ஜிஎஸ்டி, 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. ஜிஎஸ்டியைச் சேவைக் கட்டணத்தின் மேலும் போடுவார்கள். 180 டாலர், 10 விழுக்காடு சேர்ந்து 198, அதன்மேல் 9 விழுக்காடு சேர்ந்து 215.82. ++ கண்டால் மனக்கணக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்த விலையைக் காட்டும் தளத்தையும் ++ காட்டும் தளத்தையும் ஒப்பிட்டு, இது மலிவு என்று முடிவு செய்வதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

இதைத் தவிர, செக்-இன் நேரத்தில் கார்டில் ஒரு முன்பணத்தை முடக்கி வைப்பார்கள். அறைக்கு ஏற்ப 50 முதல் 200 டாலர் வரை கேட்பது வழக்கம். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் கணக்கிலிருந்தே நிற்கும், விடுபட்டு வர இரண்டு வாரம்கூட ஆகலாம். கப்பலிலும் ஏறியவுடன் இதே போல் ஒரு தொகையை முடக்குவார்கள். இரண்டும் ஒரே கார்டில் விழுந்தால் வரம்பு தீர்ந்து, கப்பலில் கார்டு மறுக்கப்படும். ஓட்டலுக்கு ஒரு கிரெடிட் கார்டு, கப்பலுக்கு இன்னொன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு, 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். கிளம்புமுன் வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் பாருங்கள்.

நாங்கள் இரண்டு பெரியவர்கள், 9 மற்றும் 13 வயதுப் பிள்ளைகள். ஒரே அறையில் சமாளிக்கலாமா?

கப்பலில் நான்கு பேர் ஒரு கேபினில் படுப்பது சாதாரணம். அதே எதிர்பார்ப்போடு சிங்கப்பூர் ஓட்டலுக்குப் போகக் கூடாது. நடுத்தர ஓட்டல்களில் அறைகள் சிறியவை. பல ஓட்டல்கள் 12 வயது வரைதான் குழந்தை என்று கணக்கு வைக்கும், 13 வயதுப் பிள்ளை அங்கே மூன்றாவது பெரியவர். பதிவு செய்யும்போது உண்மையான வயதைப் போட்டுத் தேடுங்கள். இரண்டு பேருக்கு எடுத்துவிட்டு நான்கு பேர் நுழைந்தால், ரிசப்ஷனில் எல்லாப் பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். அந்த நேரத்தில் சொல்லப்படும் இரண்டாவது அறையின் விலை இணைய விலையாக இருக்காது.

மலிவான அறைகளில் இன்னொன்றையும் பாருங்கள்: ஜன்னல் உண்டா? ஜன்னலில்லாத அறைகள் அங்கே சட்டப்படி விற்கப்படுபவைதான், விவரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஒரு இரவு தூங்க அது போதும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் அலாரம் கட்டாயம் வையுங்கள், விடிந்தது தெரியாது.

காலை 7 மணிக்கே சாங்கியில் இறங்கிவிட்டோம். அறை மாலை 3 மணிக்குத்தானாம். அதுவரை?

பெட்டிகளை ஓட்டல் ரிசப்ஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வெளியே போகலாம். அன்றிரவு தங்கப்போகிறவர்களிடம் இதற்குப் பணம் கேட்பதில்லை. பெட்டியைக் கொடுக்குமுன் குளிக்க, உடை மாற்ற வேண்டியதைத் தனிப் பையில் எடுத்துவிடுங்கள். அறை காலியாக இருந்தால் சீக்கிரம் தரச் சொல்லிப் பாருங்கள். 12 மணிக்குக் கிடைப்பது நடக்கிற காரியம்தான், 8 மணிக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

இரவெல்லாம் தூங்காத சின்னக் குழந்தையோ வயதானவரோ கூட இருந்தால் வேறு வழி: சாங்கியின் ஜூவல் வளாகத்தில் உள்ள யோட்டல்ஏர் அறைகளை மணிக்கணக்கிலும் எடுக்கலாம், குறைந்தது 4 மணி நேரம். குளித்துத் தூங்கி, மதியம் ஊருக்குள் போகலாம். முதலாம் டெர்மினலின் ஏரோடெல் குடிநுழைவு தாண்டாத பயணிகளுக்கானது, இமிக்ரேஷன் முடித்து வெளியே வந்துவிட்டால் அங்கே போக முடியாது. நள்ளிரவு தாண்டி இறங்கி, மறுநாள் மதியம் கப்பல் என்றால், மூன்றாம் டெர்மினலை ஒட்டிய கிரவுன் பிளாசாவில் நடந்தே போய்ப் படுத்துவிடலாம். விலை கூடுதல், டாக்சிச் செலவும் அலைச்சலும் மிச்சம்.

விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு எது சரி, ரயிலா டாக்சியா?

லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் போக, சாங்கி விமான நிலையத்திலிருந்து அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேரே போய்ச் சேரலாம். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. டிக்கெட் எடுக்கத் தேவையில்லை, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்த விசா அல்லது மாஸ்டர்கார்டைத் தட்டினால் போதும்; ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒரே கார்டை நான்கு முறை தட்ட முடியாது. இரவு 11 மணிக்குப் பிறகு இறங்கினால் ரயிலை நம்பாதீர்கள்.

டாக்சியில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதலாக ஏறும், விமான நிலையக் கட்டணம் தனி. நான்கு பேரும் நான்கு பெரிய பெட்டியும் சாதாரண டாக்சியில் அடங்காது. ஆறு இருக்கை வண்டி கேளுங்கள்.

குழந்தையோடு வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். மீட்டர் டாக்சிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு, கிராப் போன்ற செயலிகளில் வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. செயலியில் சாதாரண காரைப் பதிவு செய்துவிட்டுச் சின்னப் பிள்ளையோடு நின்றால் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார். ஏற்றினால் அபராதம் அவருக்கு. டாக்சி வகையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது குழந்தை இருக்கையுள்ள வண்டி கேளுங்கள்.

அந்த இரவு ஓட்டலில் என்னென்ன முடித்துவிட வேண்டும்?

முதல் வேலை இஸ்திரி. கப்பலில் இஸ்திரிப் பெட்டி தடை, தீ ஆபத்து காரணமாக. கொண்டு போனாலும் ஸ்கேனரில் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். கப்பலில் சலவைக்குக் கொடுத்தால் ஒவ்வொரு துணிக்கும் காசு. பட்டுப்புடவை, வேட்டி, கோட்டு எதுவானாலும் ஓட்டலில் இஸ்திரிப் பலகை கேட்டு வாங்கித் தேய்த்து, மடிக்காமல் சுருட்டிப் பெட்டியின் மேலே வையுங்கள்.

அடுத்தது பெட்டிச் சீட்டு. கப்பல் நிறுவனம் அனுப்பிய லக்கேஜ் டேகை ஊரிலேயே பிரிண்ட் எடுத்துவர வேண்டும். மறந்தவர்கள் ரிசப்ஷனுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் எடுத்துத் தருவார்கள். கேபின் எண் தெரியும்படி மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பிடியில் ஸ்டேப்ளரால் குத்துங்கள். விமான நிறுவனத்தின் பழைய பார்கோடு ஒட்டுகளைக் கிழித்துவிடுங்கள். விமானத்துக்கு முன்பே கப்பல் டேகைக் கட்ட வேண்டாம், சாமான் பெல்ட்டில் கிழிந்து போகும்.

பிறகு கைப்பையைப் பிரிப்பது. டெர்மினலில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டால் அவை கேபின் வாசலுக்கு வந்து சேர மாலை, சிலசமயம் இரவே ஆகிவிடும். பாஸ்போர்ட், விசா பிரதி, மருந்துகள், கண்ணாடி, நகை, சார்ஜர், பவர் பேங்க், ஒரு மாற்றுடை, பிள்ளைகளின் நீச்சல் உடை இவை கைப்பையில். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் பூட்டிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொரு கப்பலிலும் உண்டு. அந்தப் பெட்டியைக் குவியலில் தேடி எடுக்க மணிக்கணக்கில் ஆகும்.

கடைசியாக, செயலியில் கப்பல் செக்-இன் முடிந்து போர்டிங் பாஸ் வந்திருக்கிறதா என்று பார்த்து அதைப் படம் பிடித்து வையுங்கள். டெர்மினலில் எல்லோரும் ஒரே நேரத்தில் செயலியைத் திறக்கும்போது இணையம் இழுக்கும். இரவு ஊர் சுற்றும் திட்டத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நைட் சஃபாரி போய்விட்டு 1 மணிக்குத் திரும்புவதைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

பிளக் அடாப்டர் எது வாங்குவது?

சிங்கப்பூர் ஓட்டலில் 230 வோல்ட், சதுரக் கால் மூன்று முனை பிளக், பிரிட்டனில் இருப்பதேதான். இலங்கையிலும் அந்தப் பிளக் புழக்கத்தில் உண்டு. இந்தியாவின் உருண்டைக் கால் பிளக் அதில் நுழையாது. கப்பலில் கதை வேறு: பல கப்பல்களில் 110 வோல்ட் அமெரிக்கத் தட்டைக் கால் துளையும், 220 வோல்ட் ஐரோப்பிய இரண்டு உருண்டைக் கால் துளையும் இருக்கும். இரண்டுக்கும் ஒத்துவரும் உலக அடாப்டர் ஒன்றும், பல யூஎஸ்பி துளை கொண்ட சார்ஜர் ஒன்றும் போதும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கொண்டு போகாதீர்கள், பறிமுதல் ஆகும் பொருள்களில் அது முன்வரிசை.

வீட்டிலிருந்து கொண்டு வந்த புளியோதரை, தயிர்சாதம்?

அன்றிரவே ஓட்டலில் சாப்பிட்டு முடியுங்கள். வீட்டில் சமைத்த உணவைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். வயிற்றுப்போக்கு ஒரு கேபினில் தொடங்கி ஆயிரம் பேருக்குப் பரவும் இடம் அது. கடையில் வாங்கிய, பிரிக்காத முறுக்கு, பிஸ்கட், பால்பவுடர் பிரச்சினையில்லை. மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவத்தி எதுவும் உள்ளே போகாது. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச கெட்டில் கொண்டு வந்தவர்கள் கப்பலின் உணவகத்தில் வெந்நீர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கப்பலுக்கு முன்பே சிங்கப்பூர் சுங்கம் இருக்கிறது. மின்சிகரெட்டும், பான்பராக், கைனி போன்ற மெல்லும் புகையிலையும் நாட்டுக்குள்ளேயே கொண்டு வரக் கூடாதவை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு அளவே கிடையாது, ஒரு பாக்கெட் ஆனாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும்.

சிங்கப்பூரில் ஒரு இரவு தங்குவதால் விசா விஷயத்தில் ஏதாவது மாறுமா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எப்படியும் சிங்கப்பூர் விசா வேண்டும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விசாவில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா. விமானத்தில் வந்து நுழைவது முதல் முறை; கப்பலில் போய்த் திரும்பி வருவது இரண்டாவது முறை. பாஸ்போர்ட் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

எஸ்ஜி அரைவல் கார்டு என்ற இணையப் படிவத்தையும் இரண்டு முறை நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், விமானத்துக்கு ஒன்று. கப்பல் திரும்பும்போது, கப்பல் பெயரைப் போட்டு இன்னொன்று. குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகன். இரண்டாவது படிவத்தைக் கப்பலின் கடைசி நாளில், நடுக்கடலில் இணையத்துக்குக் காசு கொடுத்து நிரப்புவதைவிட, பயணம் இரண்டு இரவுக்குள் என்றால் நாள் கணக்குப் பார்த்துக் கரையிலேயே முடிக்கலாம். அதைவிட நீண்ட பயணம் என்றால் பினாங்கு போன்ற துறைமுகத்தில் இறங்கியிருக்கும்போது நிரப்புங்கள்.

காலையில் ஓட்டலை எத்தனை மணிக்கு விடுவது?

செக்-அவுட் 11 அல்லது 12 மணி. கப்பலில் ஏற உங்களுக்கு 2 மணிக்கு நேரம் கொடுத்திருந்தால் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் தொங்கும். அதற்காகச் சீக்கிரமே டெர்மினலுக்குப் போனால் உள்ளே விடாமல் உட்கார வைப்பார்கள். அறையைக் காலி செய்து பெட்டிகளை ரிசப்ஷனில் விட்டு, மதிய உணவை லிட்டில் இந்தியாவிலேயே முடித்து, உங்கள் நேரத்துக்கு 45 நிமிடம் முன் வண்டி ஏறுங்கள். முன்னதாகவே கப்பலில் ஏறி மதியச் சாப்பாட்டை அங்கே சாப்பிட விரும்புகிறவர்கள், செக்-இன் திறந்த அன்றே முதல் நேரத்தைப் பிடிக்க வேண்டும், பிறகு கிடைக்காது.

டெர்மினலில் வெளியேறும் குடிநுழைவை முடித்த பின் திரும்ப வெளியே வர முடியாது. மருந்துக்கடை வேலையெல்லாம் முன்பே முடியட்டும். ஹார்பர்ஃபிரண்டில் விவோசிட்டி பக்கத்திலேயே உண்டு. மரினா பே குரூஸ் சென்டர் பக்கம் கடைகள் சொற்பம்.

எந்தெந்த நாள்களில் கூடுதல் கவனம் வேண்டும்?

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும் ஃபார்முலா 1 பந்தய வார இறுதி. மரினா பே சாலைகளே பந்தயத் தடம். ஓட்டல் விலை பல மடங்கு. ஆகஸ்ட் 9 தேசிய தினத்துக்கு முந்தைய சனிக்கிழமைகளில் ஒத்திகைக்காக அந்தப் பகுதியில் சாலைகளை மூடுவார்கள். அப்படிப்பட்ட நாள்களில் தரைக்கு அடியில் ஓடும் எம்ஆர்டி டாக்சியைவிடச் சீக்கிரம் கொண்டு சேர்க்கும். சீனப் புத்தாண்டில் விலை ஏறும், சீனர் நடத்தும் சிறு கடைகள் மூடியிருக்கும்.

ஊருக்கு வாங்கிய சாமானை ஓட்டலில் விட்டுவிட்டுக் கப்பல் போகலாமா?

திரும்பி வந்து அதே ஓட்டலில் தங்குவதாகப் பதிவு இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் சாங்கியில் நாள் கணக்கில் பெட்டி வைக்கும் கட்டணச் சேவை இருக்கிறது. விலை உயர்ந்தது எதையும் இரண்டு இடத்திலும் விடாதீர்கள்.

எல்லாம் செய்தும் கப்பல் போய்விட்டால்?

விமானம் தாமதம் என்று தெரிந்த நிமிடமே கப்பல் நிறுவனத்தின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், டெர்மினலுக்குப் போன பிறகு இல்லை. அடுத்த துறைமுகத்தில் ஏற நிறுவனமும் அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். விமானச் செலவு உங்களுடையது. மூன்று இரவுப் பயணத்தில் பினாங்கு மறுநாளே வந்துவிடும், நடைமுறையில் கைகூடுவது அரிது. வராத பயணிக்குக் கப்பல் கட்டணம் திரும்பாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது, விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் கப்பல் கட்டணம் கிடைக்குமா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல் கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். விமான நிறுவனத்திடம் தாமதச் சான்றிதழ் வாங்காமல் விமான நிலையத்தை விட்டு வராதீர்கள்; அது இல்லாமல் காப்பீட்டு விண்ணப்பம் நகராது.